நான்கு போல்ட் எப்படி விடுபடும்? விமானத் தயாரிப்பிலும் பராமரிப்பிலும் தரக் கட்டுப்பாடு – விவாத இழை

தாம்பரம் குமரன்:
அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282 விபத்து பற்றி அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2025 ஜூனில் அறிவித்த முடிவுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2024 ஜனவரி 5 மாலை, போர்ட்லாந்திலிருந்து கலிபோர்னியாவில் உள்ள ஒன்டாரியோவுக்குக் கிளம்பிய போயிங் 737 மேக்ஸ் 9. ஏறத்தாழ 14,800 அடி உயரத்தில் இடதுபக்கச் சுவரிலிருந்து ஒரு கதவளவு துண்டு பிய்ந்து வெளியே போய்விட்டது. உள்ளே 177 பேர். ஓட்டையை ஒட்டியிருந்த 26-ஆம் வரிசை இருக்கைகள் இரண்டிலும் யாரும் உட்காரவில்லை. மேலேறிக்கொண்டிருந்த நேரம் என்பதால் மற்றவர்கள் பெல்ட் போட்டிருந்தார்கள். சிலருக்குச் சின்னக் காயம், மற்றபடி எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். அந்த விமானம் டெலிவரி ஆகி இரண்டு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது.

அந்தத் துண்டைப் பிடித்து நிறுத்த வேண்டியவை நான்கு போல்ட்டுகள். அவை தேயவும் இல்லை, உடையவும் இல்லை. தொழிற்சாலையை விட்டு விமானம் கிளம்பும்போதே அங்கே இல்லை! தெருமுனை சைக்கிள் கடையில்கூடக் கழற்றிய நட்டைத் தட்டில் போட்டு எடுத்துவைப்பார்கள். இத்தனை இன்ஸ்பெக்டர், இத்தனை கையெழுத்து இருக்கும் இடத்தில் இது எப்படி நடக்கும்? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நல்லது.

இரவு ஷிப்ட்:
குமரன் சார், நான் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்), பராமரிப்புப் பக்கம். தயாரிப்புத் தொழிற்சாலை அனுபவம் கிடையாது. ஆனால் அந்த அறிக்கையில் இருப்பது எங்களுக்கு நன்றாகப் பழகிய கதை.

முதலில் அது கதவு இல்லை. மேக்ஸ் 9-ல் நிறைய இருக்கை போடும் நிறுவனங்களுக்கு நடுவில் கூடுதலாக ஒரு அவசர வழி வேண்டும். குறைவாகப் போடுபவர்களுக்கு அது தேவையில்லை, அந்த இடத்தை ஒரு அடைப்பு வைத்து மூடிவிடுவார்கள். உள்ளிருந்து பார்த்தால் சாதாரண ஜன்னல் மாதிரிதான் தெரியும்.

விமானத்தின் உடல் அமெரிக்காவின் விசிட்டா நகரில் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் செய்தது. 2023 ஆகஸ்ட் 31 அன்று சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் போயிங்கின் ரெண்டன் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது. மறுநாளே, அடைப்பை ஒட்டிய சட்டத்தில் ஐந்து ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) சரியில்லை என்று குறை எழுதிவிட்டார்கள். இதுவரை தரக் கட்டுப்பாடு ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, கவனியுங்கள். அந்த ரிவெட்டை மாற்ற அடைப்பைத் திறக்க வேண்டும். திறக்க நான்கு போல்ட்டையும் கழற்ற வேண்டும். செப்டம்பர் 18 அன்று திறந்தார்கள். ரிவெட்டை மாற்றியதற்கு ரெக்கார்டு இருக்கிறது. அடைப்பைத் திறந்ததற்கு ரெக்கார்டு இல்லை.

எல்லாம் அங்கேதான் போய்விட்டது. கழற்றினேன் என்று எழுதினால்தான் சிஸ்டம் 'மாட்டு' என்று அடுத்த வேலையைத் திறக்கும். மாட்டியதைப் பார்க்க இன்ஸ்பெக்டரைக் கூப்பிடும். எழுதாத வேலை அவருடைய லிஸ்டிலேயே வராது. வராத வேலையை அவர் எப்படிப் பரிசோதிப்பார்?

இன்னொன்று. கதவுக் குழுவில் 24 பேர். அவர்களில் இந்த அடைப்பைத் திறந்து பழக்கமுள்ளவர் ஒரே ஒருவர். அவர் அந்த நாட்களில் விடுமுறையில் இருந்தார்.

செல்வி க:
போல்ட்டே இல்லாமல் இரண்டு மாதம் பறந்திருக்கிறதே, அது எப்படி? முதல் நாளே பிய்ந்திருக்க வேண்டாமா?

இரவு ஷிப்ட்:
நல்ல கேள்வி மேடம். அடைப்பின் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கு ஆறு வீதம் மொத்தம் 12 நிறுத்திகள் உண்டு. கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறும்போது அடைப்பை வெளியே தள்ளும், இந்த 12-ம் அதைத் தாங்கும். அழுத்தத்தைத் தாங்குவது போல்ட்டுடைய வேலையே கிடையாது. அடைப்பு மேல்நோக்கி நகராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. மேலே நகர்ந்தால் நிறுத்திகளிலிருந்து விலகிவிடும். போதாததற்குக் கீழே கீல் பக்கத்தில், திறக்கும்போது சுலபமாகத் தூக்க ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அதுவும் மேலேதான் தள்ளும்.

அந்த விமானம் அதுவரை 154 முறை பறந்திருந்தது. பறக்கப் பறக்க அடைப்பு துளித்துளியாக மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அன்றைக்கு விலகிவிட்டது. இன்னும் 15,000 அடி மேலே, எல்லோரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடமாடும் நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கிள்ளான் பாலா:
மலேசியாவிலிருந்து ஒரு விளக்கம். அந்த அடைப்பைச் செய்தது இங்கே சுபாங்கில் உள்ள ஸ்பிரிட் ஆலை. விபத்து நடந்த வாரத்தில் "மலேசியாவில் மலிவாகச் செய்ததால் வந்த வினை" என்று சமூக வலைத்தளங்களில் எழுதித் தள்ளினார்கள். போர்ட்லாந்தில் ஓர் ஆசிரியரின் வீட்டுப் பின்புறத்தில் அந்த அடைப்பு கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் அதைப் பார்த்துத்தான், போல்ட் துளைகளில் போல்ட் இருந்த நிலையில் பிய்ந்ததற்கான அடையாளமே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். செய்த பொருளில் குறை இல்லை, கழற்றி மாட்டிய இடத்தில்தான் குறை. அது நடந்தது ரெண்டன் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில். எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் சுபாங் ஆலைகளில் வேலை செய்கிறார்கள், அவர்கள் மேல் அந்தப் பழி விழுந்தது இன்னும் வலிக்கிறது. முதல் வாரப் பேச்சை நம்பாதீர்கள், அறிக்கை வரும்வரை பொறுங்கள்.

முகிலன்:
'இரவு ஷிப்ட்' சொல்வது சரிதான், ஆனால் பேப்பர் எழுதவில்லை என்பதோடு நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஏன் எழுதவில்லை? நேரம் இல்லை. ஏன் நேரம் இல்லை? தயாரிப்பு லைன் நிற்கக் கூடாது.

விசிட்டா ஆலை ஒரு காலத்தில் போயிங்கினுடையதுதான். 2005-ல் பிரித்து விற்றார்கள். விற்ற பிறகு விலையைக் குறை, குறை என்று நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். அங்கிருந்து குறையோடு உடல் வரும், ரெண்டனில் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குறையைச் சரிசெய்வார்கள். ஒரு ஸ்டேஷனில் முடிக்க வேண்டிய வேலை முடியாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. அந்த ஐந்து ரிவெட்டும் அப்படித்தான் செப்டம்பர் பாதிவரை இழுத்தது. விபத்துக்குப் பிறகுதான், 2024 மார்ச்சிலிருந்து, குறையோடு வரும் உடலை விசிட்டாவிலேயே நிறுத்திவைப்போம் என்று முடிவெடுத்தார்கள். அதை முன்பே செய்ய யார் தடுத்தது?

விபத்துக்குப் பிறகு அமெரிக்க விமானப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. போய்ச் சோதித்தது. நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட விவரப்படி போயிங்கில் 89 சோதனைகளில் 33-ல் தோல்வி. ஸ்பிரிட்டில் 13-ல் 7 தோல்வி. ஸ்பிரிட்டில் ஒருவர் கதவு சீலைச் சரிபார்க்க ஹோட்டல் அறைச் சாவி அட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார். இன்னொரு இடத்தில் சீலை நுழைக்கப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். எது வைத்துச் செய்ய வேண்டும் என்று செயல்முறைத் தாளில் தெளிவாக இல்லை, கையில் கிடைத்ததை எடுத்திருக்கிறார்கள். மாதம் 38 விமானத்துக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று எஃப்.ஏ.ஏ. கட்டுப் போட்ட பிறகுதான் லைன் மூச்சுவிட்டது. வேகம்தான் குற்றவாளி.

இரவு ஷிப்ட்:
முகிலன், வேகம் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. என்.டி.எஸ்.பி.யே போயிங் தன் ஆட்களுக்குப் போதுமான பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் கொடுக்கவில்லை என்றுதான் முதல் காரணம் எழுதியிருக்கிறது. எஃப்.ஏ.ஏ. சரியாகக் கண்காணிக்கவில்லை என்றும் சேர்த்திருக்கிறது. ஆனால் லாபவெறி இல்லாத இடத்திலும் இதே தப்பு நடந்திருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்கு. 17,300 அடியில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பறந்துபோய், கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டுக் கிடந்தார். பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார்.

முந்தின நாள் அதிகாலையில்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். இரவு ஷிப்டில் ஆள் குறைவு, அதனால் ஷிப்ட் மேனேஜரே கையில் எடுத்துச் செய்தார். மெனக்கெட்டு வேலை செய்கிற மனிதர். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டோரில் அதே மாதிரி தேடினார். இந்த வேலைக்கு 8டி என்ற அளவு போல்ட்தான் போடுவது வழக்கம் என்று ஸ்டோர்காரர் சொன்னார். போதுமான இருப்பு அங்கே இல்லாததால் வேறொரு இடத்துப் பெட்டியில், மங்கிய வெளிச்சத்தில், கண்ணளவாகப் பார்த்து எடுத்தார். 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தது, வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மீதி 6 விட்டம் சரி, நீளம் குறைவு. அதைவிடக் கொடுமை, அவர் மாதிரியாக வைத்திருந்த பழைய போல்ட்டுகளே நீளம் குறைந்தவை. முன்பு யாரோ போட்டு நான்கு வருடம் ஓடியிருக்கிறது.

இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய வேலைகளின் பட்டியலில் முன்கண்ணாடி இல்லை. மாட்டிய பிறகு அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனையும் அதற்குக் கட்டாயம் இல்லை. அவர் செய்தார், அவரே கையெழுத்துப் போட்டார், விமானம் போனது.

அதற்கு அடுத்த வருடம், 1991 செப்டம்பர் 11, டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574. வால் இறக்கையின் பனி நீக்கும் உறையை மாற்ற, ராத்திரி ஒரு ஷிப்ட் இடதுபக்கத்து மேல் ஸ்க்ரூ 47-ஐக் கழற்றியது. கழற்றியதை எழுதவில்லை. அடுத்த ஷிப்ட் வந்து வலதுபக்கத்தை முடித்தது. இடதுபக்கம் கழற்றியிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வால் உயரத்தில் இருக்கும், தரையில் நின்று பார்த்தால் மேல்புறம் தெரியாது. காலையில் பயணிகளோடு கிளப்பிவிட்டார்கள். வானில் அந்தப் பாகம் பிய்ந்து விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 14 பேரும் போய்விட்டார்கள்.

இந்த 47 ஸ்க்ரூவுக்கும் ரெண்டனின் நான்கு போல்ட்டுக்கும் நடுவில் 32 வருடம். கழற்றியவர் ஒருவர், மூடியவர் வேறொருவர், நடுவில் தாள் இல்லை.

விமானப்பிரியன்:
அகமதாபாத் ஏர் இந்தியா விபத்தையும் இதில் சேர்க்க வேண்டாமா? போயிங் 787 ட்ரீம்லைனர் தயாரிப்பிலேயே குறை என்று வெளியே சொன்னவர்கள் இருக்கிறார்களே.

நெறியாளர்:
வேண்டாம். 2025 ஜூன் 12 விபத்து விசாரணையில் இருக்கிறது. முதற்கட்ட அறிக்கை இரண்டு எரிபொருள் சுவிட்சுகளும் நிறுத்தும் நிலைக்குப் போனதைச் சொல்கிறது, தயாரிப்புக் குறை என்று எங்கும் சொல்லவில்லை. 260 குடும்பங்கள் துக்கத்தில் இருக்கின்றன. ஊகங்களை இந்த இழையில் அனுமதிக்க முடியாது.

ஒசாகா மீனா:
ஜப்பானில் இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே ஜப்பான் ஏர்லைன்ஸின் ஜே.ஏ.எல். 123 விபத்துதான் நினைவுக்கு வரும். 1985 ஆகஸ்ட் 12, முன்னோரை நினைக்கும் ஓபோன் விடுமுறை நேரம், ஜம்போ விமானம் நிறையக் கூட்டம். 524 பேரில் 520 பேர் இறந்தார்கள்.

அந்த விமானம் 1978-ல் இங்கே ஒசாகா இதாமியில் இறங்கும்போது வாலைத் தரையில் உரசிக்கொண்டது. பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரைச் சரிசெய்ய போயிங்கின் ஆட்களே வந்தார்கள். இணைப்புத் தகடு ஒரே துண்டாக வர வேண்டும் என்பது வரைபடம். அவர்கள் இரண்டு துண்டாக வைத்தார்கள். அதனால் இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பளுவை ஒரு வரிசை தாங்கியது. மேலே பூசி முடித்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஏழு வருடம், 12,000-க்கும் மேற்பட்ட பறப்புகள், ஒவ்வொன்றிலும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. சுவர் பிளந்ததும் வாலும் நான்கு ஹைட்ராலிக் இணைப்புகளும் போய், அரை மணி நேரம் கட்டுப்பாடில்லாமல் சுற்றி மலையில் மோதியது.

ஹனேடா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஜே.ஏ.எல். அந்தச் சுவரின் சிதைந்த பாகங்களை ஒரு மையத்தில் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் ஊழியர்களை அங்கே அழைத்துப் போகிறார்கள். வெட்கப்பட வேண்டியதை ஒளிக்காமல் தங்கள் ஆட்களுக்கே காட்டுகிறார்களே, அதை நான் மதிக்கிறேன்.

கோவை மெட்டல்:
நான் வார்ப்படத் துறையில் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவன். எல்லோரும் போல்ட், கையெழுத்து என்றே பேசுகிறீர்கள். கையெழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தும் பொருளுக்குள்ளேயே குறை இருந்தால்?

நம் ஊர் ஆட்கள் அனுபவித்ததே இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 நியோவில் வரும் பிராட் அண்ட் விட்னி கியர்டு டர்போஃபேன் இன்ஜின். அதன் உயர் அழுத்த டர்பைன் வட்டுகளை உலோகத் தூளிலிருந்து செய்கிறார்கள். 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த தூளில் வேண்டாத துகள் கலந்திருந்தது என்று 2023-ல் அறிவித்தார்கள். ஒரு துகள் போதும், அங்கிருந்து விரிசல் தொடங்கலாம். அந்த வட்டு முழு வேகத்தில் உடைந்தால் இன்ஜின் உறையால் தடுக்க முடியாது. அதனால் இன்ஜினை இறக்கையிலிருந்து இறக்கி, பிரித்து, அல்ட்ராசானிக் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் விமானங்கள் நின்றன, இண்டிகோவில் மட்டும் 70-க்கு மேல். கோ ஃபர்ஸ்ட் திவாலானதை இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள், அது சரியில்லை. அவர்கள் 2023 மே மாதம் மனுப் போட்டபோது பிராட் இன்ஜின்களைக் காரணம் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் தூள் விவகாரம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

இங்கே மெக்கானிக் யாரும் எதையும் மறக்கவில்லை. ஆனாலும் எந்தத் தேதியில் செய்த தூள், எந்த வட்டுக்குப் போனது, அந்த வட்டு எந்த இன்ஜினில் இருக்கிறது என்று ரெக்கார்டு இருந்ததால்தான் தேடி எடுக்க முடிந்தது. அந்த வகையில் 'இரவு ஷிப்ட்' சொல்வதோடு ஒத்துப்போகிறேன்.

தாம்பரம் குமரன்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒரு விஷயம் எனக்குச் செரிக்கவில்லை. 2023 செப்டம்பர் 19 அன்று ரெண்டனில் ஊழியர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்தியில் ஒரு ஃபோட்டோ இருந்தது. ரிவெட் வேலை முடிந்து அடைப்பு மூடியிருக்கிறது. நான்கு இடத்தில் ஒன்றை இன்சுலேஷன் மறைக்கிறது, மற்ற மூன்றிலும் போல்ட் இல்லை என்பது அதில் தெரிகிறது. என்.டி.எஸ்.பி. முதல் அறிக்கையிலேயே அந்தப் படத்தைப் போட்டது. படம் எடுத்தவர் பார்த்திருக்கிறார், வாங்கியவர் பார்த்திருக்கிறார். பேப்பர் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே? இதில் யாருக்கும் தனிப்பட்ட பொறுப்பே கிடையாதா? கடைசிவரை அடைப்பைத் திறந்தது யார், மூடியது யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லையாமே!

இரவு ஷிப்ட்:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தப் படத்தை அனுப்பியவர்கள் பேசிக்கொண்டிருந்தது உள்புற வேலையைப் பற்றி. ரிவெட் முடிந்துவிட்டது, இனி இன்சுலேஷன், பேனல், இருக்கை போடலாம் என்று. அந்த அடைப்பில் போல்ட் எங்கெங்கே வர வேண்டும் என்பது அவர்களுடைய வேலை இல்லை, அவர்களுக்குத் தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்சுலேஷன் வந்து மூடிவிட்டது. அதற்குப் பிறகு யார் பார்த்தாலும் ஜன்னல்தான்.

திறந்தவர் பெயர் தெரிந்து அவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தால், மீதி 23 பேருக்கும் இந்த அடைப்பைத் திறக்கப் பயிற்சி வந்திருக்குமா? மனிதன் விட்டுவிட்டாலும் பொருள் காட்டிக்கொடுக்கும்படி வடிவமைப்பை மாற்றுவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போயிங் அப்படி ஒரு மாற்றத்தை வடிவமைத்திருக்கிறது. அதற்குச் சான்று கிடைத்ததும் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்களிலும் கட்டாயமாகப் போட வேண்டும் என்று என்.டி.எஸ்.பி. பரிந்துரைத்திருக்கிறது.

தாம்பரம் குமரன்:
வடிவமைப்பு மாற்றத்தை ஏற்கிறேன். பெயரே தெரியாமல் போனதை நான் ஏற்க மாட்டேன். வேலைக்கு ஆள் பெயர் இல்லை என்பதே முதல் குற்றம்.

குரோம்பேட்டை மாணவன்:
அண்ணா, நான் ஏ.எம்.இ. கடைசி வருடம். இதையெல்லாம் படித்தால் கை நடுங்குகிறது. வேலைக்குச் சேரும் இடம் நல்ல இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவு ஷிப்ட்:
தம்பி, பயப்படாதே. நான் சேர்ந்த புதிதில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். காலை நான்கு மணி. வேலை முடிந்து பேனல் எல்லாம் மூடியாகிவிட்டது. ஒரு ஜூனியர் பையன் டூல் பெட்டியை எண்ணிவிட்டு, ஒரு சின்ன சாக்கெட் காணோம் என்றான். நுரை அட்டையில் அந்தச் சாக்கெட் வடிவத்துக்கு வெட்டிய பள்ளம் காலியாகக் கிடக்கிறது. ஆறு மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும். ஆபரேஷன்ஸிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். இன்சார்ஜ் ஃபோனை எடுக்கவே இல்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு மூடிய பேனல்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். மூன்றாவது பேனலுக்குள், கன்ட்ரோல் கேபிள் ஓடும் இடத்துக்கு ஒரு ஜாண் தள்ளிக் கிடந்தது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். அந்தப் பையனை யாரும் திட்டவில்லை. மறுநாள் ஷிப்ட் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டினார் இன்சார்ஜ்.

நீ இன்டர்வியூவுக்குப் போகும்போது ஹேங்கரைச் சுற்றிக்காட்டுவார்கள். ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போ. போகிறவரும் வருகிறவரும் விமானத்துக்குப் பக்கத்தில் நின்று, கையால் காட்டிப் பேசிக் கைமாற்றுகிறார்களா, இல்லை புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஒருவர் கிளம்பிவிடுகிறாரா என்று பார். பாதியில் நிற்கும் வேலையில், கழற்றிய ஸ்க்ரூவெல்லாம் பையில் போட்டு, வேலை நம்பர் எழுதிய டேக்கோடு அந்தப் பேனலிலேயே கட்டித் தொங்குகிறதா பார். அப்புறம் கேன்டீனில் ஜூனியர்களிடம் கேள்: டூல் காணோம் என்று சொன்னவனுக்கு இங்கே கடைசியாக என்ன நடந்தது என்று. அந்தக் கேள்விக்கு அவர்கள் தயங்காமல் பதில் சொன்னால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேர்ந்துவிடு.